ஐந்து மணி பேட்ச்

அன்றைக்கு வார்டு அலுவலகத்து மாடி அறையில் இருந்தவர்கள் ஏழு பேர். மேஜைக்கு அந்தப் பக்கம் அதிகாரி. கதவை ஒட்டி அவருடைய பியூன். இந்தப் பக்கம் நாற்காலியில் காக்கூ. காக்கூ என்றால் மராட்டியில் சித்தி மாதிரி. எங்கள் வார்டு சபையை ஆரம்பித்தவர், அறுபதைத் தாண்டியவர், எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். அவருக்குப் பக்கத்தில் நீச்சல் குளத்துக் கோச், தலைமுடி இன்னும் காயாமல். பின்னால் பெஞ்சில் எங்கள் வீட்டு வரிசையில் மூன்றாவதாகக் குடியிருக்கிற ஆட்டோக்கார அண்ணன், அவருக்கு அடுத்து நான், என்னை ஒட்டிக்கொண்டு என் பதினொரு வயது மகள். பள்ளிக்கூடம் லீவு. அவளைத் தனியாக வீட்டில் விட்டுவர எனக்கு மனசு வராது. எனக்கு எதற்குத்தான் மனசு வந்தது? கேஸை மூடினேனா என்று பாதி வழியிலிருந்து திரும்பி வந்து பார்க்கிறவள் நான்.

என் வீட்டுக்காரர் வரவில்லை. ஷிஃப்ட் என்றார். ஷிஃப்ட் இருந்தது உண்மைதான். இல்லாமலிருந்தாலும் வந்திருக்க மாட்டார். அது ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

அதிகாரியின் முன்னால் எங்கள் பழைய மனு விரித்துக் கிடந்தது. அன்றைக்கு முடிவாக வேண்டியது ஒன்றே ஒன்று. எங்கள் பிள்ளைகள் மாலை ஐந்திலிருந்து ஆறு வரை மாநகராட்சிக் குளத்தில் தொடர்ந்து நீந்தலாமா, கூடாதா?

நான் ஆரணிப் பக்கத்து ஊரிலிருந்து இந்த மராட்டி நாட்டுத் தாபோடிக்குக் கல்யாணமாகி வந்தவள். எட்டாவதோடு படிப்பு நின்றது. அம்மா படுத்துவிட்டாள், வீட்டில் சமைக்க ஆள் வேண்டும், அவ்வளவுதான் காரணம். தமிழ் எழுதப் படிக்க வரும். இந்தியும் மராட்டியும் காதால் கற்றுக்கொண்டது. ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்தின் பஸ்ஸில் எனக்கு வேலை. பிள்ளைகளை ஏற்றுவது, இறக்குவது, தலையை எண்ணுவது. அவர்கள் என்னை மாவ்ஷி என்று கூப்பிடுவார்கள், நம் பக்கம் ஆயாம்மா என்கிற மாதிரி. பத்து வருஷமாக எண்ணுகிறேன், இன்றைக்கும் ஒரு பிள்ளை பஸ்ஸிலேயே தூங்கிக் கிடக்கிற மாதிரி கனவு வந்து எழுந்து உட்காருவேன்.

அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பாதிப் பேர் சாயங்காலம் நீச்சலுக்குப் போகிறவர்கள். பஸ்ஸில் அதைப் பற்றியேதான் பேசுவார்கள். யார் எத்தனை தடவை போய்வந்தார்கள், யாருக்கு மூக்கில் தண்ணீர் ஏறியது என்று. நான் கேட்டுக்கொண்டே வருவேன். எங்கள் வரிசைப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் என்றால் ஆறுதான். இரண்டு ஆறுகள் சேருகிற முனையில் நாங்கள் இருக்கிறோம். கோடையில் ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கும், பல நாள் காலையில் சோப்பு நுரை மாதிரி ஏதோ மிதக்கும். பையன்கள் அதில்தான் குதிப்பார்கள். உடம்பெல்லாம் சிரங்கோடு வருவார்கள். மழைக்காலத்தில் மேலே அணை திறக்கப் போகிறது என்று மைக்கில் சொல்லிக்கொண்டு வண்டி போகும். அந்தச் சத்தம் கேட்டால் எந்த வீட்டுப் பையன் வெளியே இருக்கிறான் என்று ஒவ்வொரு வாசலாகப் போய்க் கேட்பேன். என் பிள்ளை இல்லாவிட்டாலும்தான். “உனக்கு வேற வேல இல்லையா?” என்று சிலர் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறார்கள்.

குளம் இல்லாமல் இல்லை. பத்து நிமிஷம் நடந்தால் மாநகராட்சி கட்டிய குளம், நீல ஓடு பதித்தது. நோய்க் காலத்தில் பூட்டினார்கள், பிறகு திறக்கவேயில்லை. அடியில் பச்சைத் தண்ணீர் தேங்கிக் கொசு வளர்ந்தது. யாரைப் போய்க் கேட்பது? அந்த வருஷங்களில் மாநகராட்சிக்குத் தேர்தலே நடக்கவில்லை. கார்ப்பரேட்டர், நம் ஊரில் கவுன்சிலர், என்று சொல்ல வார்டில் ஆள் கிடையாது. முன்னால் இருந்தவரைக் கேட்டால் நான் இப்போது இல்லையே என்பார், அதிகாரியைக் கேட்டால் மேலே எழுதியிருக்கிறோம் என்பார்.

காக்கூ சபையை ஆரம்பித்தது அப்போதுதான். ராணுவ டிப்போவில் வேலை பார்த்து இறந்தவரின் மனைவி. குடும்பப் பென்ஷனில் இருக்கிறவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் கணபதி மண்டபத்துத் தகர ஷெட்டில் கூட்டம். கட்சிக் கொடி கூடாது, ஃப்ளெக்ஸ் கூடாது, சால்வையும் தேங்காயும் கூடாது. தேர்தலில் நிற்கிற யாரிடமும், நிற்கப் போகிற யாரிடமும், ஒரு பைசா வாங்கக் கூடாது. ஒரு சில்வர் டம்ளர் இருக்கும். அதைக் கையில் வைத்திருப்பவர்தான் பேசலாம், மற்றவர்கள் கேட்க வேண்டும். நான் முதல் தடவை டம்ளரை வாங்கியபோது அதில் மீதியிருந்த தண்ணீர் புடவையில் கொட்டியது. யாரும் சிரிக்கவில்லை. ஆட்டோக்கார அண்ணன் மட்டும், “பரவால்லம்மா, நீச்சல் இங்கியே ஆரம்பிச்சிட்ட” என்றார்.

கண்ணால் பார்த்துச் சரிபார்க்கிற அளவுக்குச் சின்னதாகத்தான் எதையும் கேட்க வேண்டும் என்பது காக்கூவின் கணக்கு. முதலில் ஒரு தெருவிளக்கு. பிறகு ஒரு சாக்கடை மூடி. அதற்குப் பிறகுதான் குளம். குளத்துக்கு இரண்டு வருஷம் பிடித்தது. அலைந்த அலைச்சலைச் சொன்னால் தீராது. கடைசியில் ஒரு காண்டிராக்டரிடம் கொடுத்துத் திறந்தார்கள். மாதக் கட்டணம் வைத்தார்கள். எதிரே இருக்கிற சொசைட்டி அடுக்குமாடிகளிலிருந்து காரில் வந்து நீந்தினார்கள். நாங்கள் திறக்க வைத்த குளத்துக்குள் எங்கள் பிள்ளைகள் போக முடியவில்லை. காக்கூ மறுபடியும் மனு எழுதினார். மூன்று மாதம் கழித்து உத்தரவு வந்தது: மாலை ஐந்து மணி பேட்ச் இந்த வார்டுப் பிள்ளைகளுக்கு, கட்டணம் இல்லாமல்.

ஹோலி முடிந்த வாரம் பேட்ச் ஆரம்பமானது. இருபத்தாறு பிள்ளைகள். அதில் பதினாலு எங்கள் வரிசைத் தமிழ்ப் பிள்ளைகள்.

முதல் நாள் நான் கம்பியைப் பிடித்த கையை விடவில்லை. காஸ்ட்யூம் விஷயத்தில் ஏற்கனவே வரிசையில் பேச்சு வந்திருந்தது, வயசுக்கு வரப்போகிற பெண்ணை அப்படி அனுப்புவதா என்று. முட்டி வரைக்கும் கை வரைக்கும் மூடினது ஒன்றைப் பிம்ப்ரி மார்க்கெட்டில் தேடி வாங்கியிருந்தேன். அதைப் போட்டுக்கொண்டு, தலையில் ரப்பர் குல்லாவோடு, அவள் யாரோ ஒரு பிள்ளை மாதிரி நின்றாள். எல்லோருக்கும் ஒரே நிறக் குல்லா. நான் எண்ணுகிறேன், இருபத்தைந்து வருகிறது. மறுபடி எண்ணுகிறேன், இருபத்தைந்து. கோச்சைப் பார்த்துக் கையை ஆட்டினேன். அவர் தண்ணீருக்குள் கையை விட்டு ஒரு தலையைத் தூக்கிக் காட்டினார். மூச்சடக்கிப் பழகுகிற பையன். அதற்குப் பிறகு தினமும் கோச் கரையில் ஏறும்போது என்னைப் பார்த்து, “மாவ்ஷி, கிந்தி பரோபர்?” என்பார். எண்ணிக்கை சரியா என்று. கேலிதான். ஆனால் நான் சொல்லாமல் அவர் விசிலை ஊத மாட்டார்.

என் மகள் வகுப்பில் வாயைத் திறக்காத பிள்ளை. டீச்சர் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறாள், இவளுக்குக் காது கேட்கிறதா என்று பாருங்கள் என்று. வீட்டில் தமிழ் பேசினால் பாதியில் நின்றுவிடும், இந்திக்குப் போய்விடுவாள். அந்தப் பிள்ளை தண்ணீரில் இறங்கி இரண்டாவது மாதம், குளத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய் அங்கிருந்து திரும்பி என்னைக் கூப்பிட்டாள். மம்மி என்று இல்லை, அம்மா என்று. கேலரியில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அன்றைக்கு ராத்திரி முழுக்க, இவ்வளவு பிடித்துப்போன ஒன்று நின்றுவிட்டால் இந்தப் பிள்ளை என்ன செய்யும் என்பதுதான் எனக்கு ஓடியது.

மழை ஆரம்பித்த பிறகு, எதிர் சொசைட்டியிலிருந்து யாரோ புகார் எழுதினார்கள். ஐந்து மணி பேட்ச்சில் வெளியாட்கள் இலவசமாக நீந்துகிறார்கள் என்று. வார்டு அலுவலகம் காக்கூவுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. பிள்ளைகளின் பெற்றோர் எல்லோருடைய வாக்காளர் அட்டை நகல் வேண்டும்.

ஆதார் கேட்டிருந்தால் பிரச்சினையே இல்லை. எல்லோருடைய ஆதாரிலும் தாபோடி முகவரிதான். ரேஷன் அட்டைகூடச் சில பேருக்கு இங்கேதான். ஓட்டு மட்டும் ஊரில். எங்கள் வரிசையில் முப்பது வருஷம் இருக்கிறவருக்கும் அப்படித்தான், இங்கேயே பிறந்தவனுக்கும் அப்படித்தான். பதினெட்டு வயசானதும் பையனை ஊருக்கு அழைத்துப்போய்ப் பெயர் சேர்த்துவிட்டு வருவார்கள், காது குத்துகிற மாதிரி அது ஒரு சடங்கு. தேர்தல் வந்தால் டிக்கெட் பணம் யாரோ கொடுப்பார்கள், கூட்டமாக ரயிலேறி காட்பாடியில் இறங்கி, ஓட்டுப் போட்டு, சொந்தக்காரரைப் பார்த்து, கை நிறைய இல்லாவிட்டாலும் ஏதோ வாங்கிக்கொண்டு வருவோம். பட்டியலில் பெயர் இருந்தால்தான் ஊரில் நமக்கு ஆள் இருக்கிறது என்று அர்த்தம். பெயர் போனால் பங்கும் போய்விடும் என்று ஒரு பயம். யார் கிளப்பினார்களோ தெரியாது, வரிசை முழுக்க அந்தப் பயம் உண்டு.

கடிதம் வந்த அன்றே என் வீட்டுக்காரரிடம் சொன்னேன், பெயரை இங்கே மாற்றிக்கொள்வோம் என்று. அவர் கார் பாகம் செய்கிற கம்பெனியில் காண்டிராக்ட் ஆள். அதிகம் பேச மாட்டார். அண்ணனுக்குப் போன் போட்டார். என் மச்சாண்டார் ஊரில் முக்கால் ஏக்கர் மேட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஸ்பீக்கரில் அவர் குரல் எனக்கும் கேட்டது.

“பேர எடுத்துக்கடா. தாராளமா எடுத்துக்க. நாளைக்கு நெலத்துல பங்குன்னு வந்தா, ஊர்ல இவன் யாருன்னு கேப்பான். அப்ப நான் இன்னா பதில் சொல்றது?”

ஆட்டோக்கார அண்ணன் அடுத்த நாள் வாசலில் நின்று அவருக்கு எடுத்துச் சொன்னார். “தம்பி, பட்டா வேற, ஓட்டு வேற. ரெண்டும் ஒரே பீரோல இல்ல.” அவர் ஓட்டும் ஊரில்தான், அவரும் மாற்றவில்லை என்பது வேறு விஷயம். என் வீட்டுக்காரர் தலையாட்டினார். அவருக்கும் தெரியும். ஆனாலும், “அண்ணன் மனசு நோவும்” என்று ஒரு வார்த்தையோடு உள்ளே போய்விட்டார். நான் அதற்கு மேல் கேட்கவில்லை. பயம்தான். நிலத்துக்கு இல்லை, வீட்டில் சண்டை வந்துவிடுமோ என்று.

அப்படித்தான் அந்த மாடி அறைக்கு வந்து சேர்ந்தோம். காக்கூவின் கையில் வாக்காளர் அட்டை நகல்கள். பன்னிரண்டு பிள்ளைகளுக்குத்தான் இருந்தது. மீதிப் பதினாலு பேருக்கு ஆதார், கரண்ட் பில், வாடகைச் சீட்டு.

அதிகாரி கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார், பிள்ளைக்கு பிஸ்கட் கொடுக்கச் சொன்னார். ஆதாரையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்து மேஜையில் ஒதுக்கி வைத்தார். குடியிருப்பவர்கள் என்று மட்டும் எழுதியிருந்தால் இது போதும் என்றார். பிறகு மனுவைக் காக்கூ பக்கம் திருப்பி, முதல் வரியில் விரலை வைத்து, இதை எழுதியது யார் என்று கேட்டார்.

எழுதியது காக்கூதான். அந்த வரி எனக்கும் ஞாபகம் இருக்கிறது, ஷெட்டில் வாசித்துக் காட்டியபோது எல்லோரும் கை தட்டினோம். இந்த வார்டின் வாக்காளர்களாகிய நாங்கள், எங்கள் பிள்ளைகளுக்காக என்று ஆரம்பிக்கும். கெஞ்சுகிற மாதிரி இருக்கக் கூடாது, கேட்க உரிமை உள்ளவர்கள் கேட்கிற மாதிரி இருக்க வேண்டும் என்று காக்கூ சொல்லியிருந்தார். தேர்தலே இல்லாத காலத்தில் அதிகாரிகளுக்கு நாம் யார் என்று நினைவுபடுத்த வேண்டுமாம். அந்த வரியை அப்படியே எடுத்து உத்தரவில் போட்டிருந்தார்கள். வாக்காளர்களின் பிள்ளைகளுக்கு. புகார் வந்துவிட்டது, தணிக்கை வரும், எழுதியிருப்பதை மீற என்னால் முடியாது என்றார் அதிகாரி.

எங்களில் யாருக்கும் அந்த வரி எங்களைச் சேர்க்கவில்லை என்று அன்றைக்குத் தோன்றவில்லை. காக்கூவுக்கும் தோன்றவில்லை. இத்தனை வருஷம் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு ஓட்டு இங்கே இல்லாமல் எங்கே இருக்கும் என்று அவர் நினைத்திருப்பார். அவர் முகத்தைப் பக்கவாட்டில் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார், மாட்டிக்கொண்டார், மறுபடி கழற்றினார்.

அதைப் பார்க்கத் தாங்காமல் ஆட்டோக்கார அண்ணன் இந்தியில் ஒன்று சொன்னார். “சார், எங்க ஓட்டு லீவுக்கு ஊருக்குப் போயிருக்குது. வந்ததும் கூட்டினு வந்து காட்டறோம்.” அதிகாரி சிரித்தார். பியூனும் சிரித்தான். சிரித்து முடித்துவிட்டு அதிகாரி அடுத்ததைச் சொன்னார். இதுவரை நீந்தின ஐந்து மாதத்துக்கு அந்தப் பதினாலு பேருக்கும் கட்டணம் வசூலிக்க வேண்டும். மாதம் முந்நூற்றைம்பது. மொத்தம் இருபத்து நாலாயிரத்து ஐந்நூறு. மனுவில் கையெழுத்துப் போட்டவர் பெயரில் நோட்டீஸ் வரும்.

கையெழுத்து காக்கூவுடையது.

கோச் ஒரு தடவை வாயைத் திறந்தார். பிள்ளைகள் இப்போதுதான் பக்கவாட்டில் மூச்சு எடுக்கப் பழகுகிறார்கள், இந்த இடத்தில் நிறுத்தினால் எல்லாம் மறந்துவிடும் என்றார். அதிகாரி அவரைப் பார்த்து, நீங்கள் காண்டிராக்டரின் ஆள்தானே என்று கேட்டார்.

படி இறங்கும்போது மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். “அம்மா, நாம இங்கதான இருக்கோம், ஹை நா?” என்றாள். ஆமாம் என்றேன். வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லது. நான் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன்.

இதற்குள் தேர்தல் வரப்போகிறது என்று பேச்சு கிளம்பியிருந்தது. அந்த வெள்ளிக்கிழமையே நிற்கப் போகிற ஒருவருடைய ஆள் காக்கூ வீட்டுக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, ரொம்ப மரியாதை. அந்த இருபத்து நாலாயிரத்து ஐந்நூறை அவர்கள் கட்டிவிடுவார்களாம். பதினாலு பிள்ளைகளுக்கும் ஒரு வருஷக் கட்டணமும் கட்டுவார்களாம். ஒன்றும் வேண்டாம், குளத்து வாசலில் ஒரே ஒரு ஃப்ளெக்ஸ், குல்லா போட்ட பிள்ளைகளோடு தலைவர் நிற்கிற மாதிரி. காக்கூ அவரைத் திருப்பி அனுப்பவில்லை. என் பிள்ளை யாரும் அங்கே நீந்தவில்லை, நான் தனியாக எப்படி வேண்டாம் என்பேன் என்றாராம். அவருக்குப் பிள்ளைகள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சபையில் வைத்தார்.

அன்றைக்கு ஷெட் நிறைந்திருந்தது. தகரத்தில் மழைத் தூறல். காக்கூ இரண்டு பக்கத்தையும் சொன்னார், தன் அபிப்பிராயம் எதையும் சொல்லவில்லை. வாங்கிக்கொள்ளலாம் என்றால் கை தூக்குங்கள், விதியை மாற்றிவிடலாம் என்றார். எங்கள் வரிசை ஆட்கள் ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தோம். நாங்கள் மட்டும் கை தூக்கினாலே போதும், முடிவு அந்தப் பக்கம் போய்விடும். எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. நான் மனசுக்குள் எண்ணி முடித்திருந்தேன்.

ஆட்டோக்கார அண்ணன் டம்ளரைக் கேட்டு வாங்கினார். எப்போதும் போல ஏதாவது கிண்டல் வரும் என்று சில பேர் முன்கூட்டியே சிரித்தார்கள். அவர் எங்களைப் பார்த்துத் தமிழில் பேசினார்.

“நம்ம கைய இங்க எண்ண வேணாம்பா. இவங்க விதி, இவங்க வார்டு, இவங்க ஓட்டு. அவங்களே முடிவு பண்ணட்டும்.”

பின்னாலிருந்து ஒருவர், டம்ளர் இல்லாமலே கேட்டார். “ஒனக்கு ரெண்டு பிள்ள போவுதே, மறந்துட்டியா?”

“மறக்கல. அதான் கைய மடியில வெச்சினு இருக்கறேன்.”

என்ன பேச்சு என்று காக்கூ கேட்டார். யாரோ சொன்னார்கள். அவர் எழுந்து நின்றார். இந்த ஷெட்டில் ஓட்டுப் பட்டியல் யாரும் பார்க்கவில்லை, இங்கே இருக்கிறவர் எல்லோருடைய கையும் கைதான், தூக்குங்கள் என்றார். எங்கள் பக்கம் பார்த்தே சொன்னார். மராட்டியில் சொன்னார், பிறகு எங்களுக்காக இந்தியில் சொன்னார். ஒருத்தரும் அசையவில்லை. அவர் அப்படிச் சொன்னதால்தான் இன்னும் அசைய முடியவில்லை. மாடி அறையில் அவர் கண்ணாடி துடைத்ததை எங்கள் வரிசைப் பெரியவர்களில் நானும் அண்ணனும் மட்டும்தான் பார்த்திருந்தோம். ஆனால் எங்களால் நோட்டீஸ் அவர் பெயருக்கு வருகிற விஷயம் வரிசை முழுக்கத் தெரிந்திருந்தது.

எனக்கு வேண்டும் என்றுதான் இருந்தது. ஃப்ளெக்ஸில் என் பிள்ளையின் முகம் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், மழையில் ஒரு மாதத்தில் கிழிந்துவிடும். அவள் தண்ணீரில் இருந்தால் போதும். கையை முந்தானைக்குள் வைத்திருந்தேன். அது ஈரமாகிவிட்டது. அண்ணன் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும்போது, இரண்டு பிள்ளைகளைக் கொடுத்துவிட்டு அவர் உட்கார்ந்திருக்கும்போது, நான் ஒருத்தி எப்படித் தூக்குவது? மற்றவர்கள் எண்ணிக்கை எடுத்தார்கள். நாலு கை வித்தியாசத்தில் வேண்டாம் என்று ஆனது. விதி நின்றது. சில மராட்டிப் பெண்கள் அழுதார்கள். நாங்கள் எழுந்து செருப்பைத் தேடினோம்.

அடுத்த நாள் ஐந்து மணிக்குப் பன்னிரண்டு பிள்ளைகள் இறங்கினார்கள். கோச் விசில் ஊதினார். நான் அங்கே இல்லை, சொல்லக் கேட்டதுதான்.

மகள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஒரு வாரம் ஐந்து மணிக்குக் காஸ்ட்யூமை எடுத்து மடித்து வைப்பாள், பிறகு அதையும் விட்டுவிட்டாள். டீச்சர் மறுபடி கூப்பிட்டு, பிள்ளை பேசுவதேயில்லை என்றாள். தீபாவளிக்கு முன்னால் காஸ்ட்யூம் சின்னதாகிவிட்டது. பேட்ச்சில் இருக்கிற ஒரு மராட்டிப் பிள்ளையின் அம்மா பழையது ஏதாவது இருந்தால் கொடு என்று கேட்டாள். கொடுத்துவிட்டேன்.

நான் ஒரு காரியம் செய்தேன். வீட்டில் சொல்லவில்லை. பஸ் வேலை முடிந்து நேராகப் போய், பெயரை இங்கே மாற்றுகிற படிவத்தைப் பூர்த்தி செய்து கொடுத்தேன். தப்பாக எழுதி இரண்டு படிவம் வீணானது. வாங்கிக்கொண்ட பெண் பார்த்துவிட்டு, பெயர் வந்துவிடும், ஆனால் இந்தத் தேர்தலுக்கு ஆகாது, அதற்கான பட்டியலை முன்பே மூடிவிட்டார்கள் என்றாள். பரவாயில்லை, வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். பெயர் மாறியது ஊரில் எப்படியோ தெரிந்துவிட்டது. மச்சாண்டார் போன் செய்வதை நிறுத்தினார். என் வீட்டுக்காரர் இரண்டு நாள் வெளியே சாப்பிட்டுவிட்டு வந்தார். மூன்றாவது நாள் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். “எனக்கும் ஒரு ஃபாரம் எடுத்துனு வந்திருக்கலாம்ல” என்றார். அவ்வளவுதான். இன்னும் எடுத்துவரவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை.

தேர்தல் நடந்தது. எங்கள் வரிசை அன்றைக்கு லீவு நாள் மாதிரி இருந்தது. எதிர் வரிசையில் விரலில் மையோடு வந்தார்கள். ஜெயித்தவர் குளத்தைப் பார்க்க வந்தார், ஃப்ளெக்ஸ் கட்டினார்கள், ஐந்து மணி பேட்ச் அப்படியே இருக்கும் என்றார். அப்படியே என்றால் பன்னிரண்டு பேரோடு. என் புது அட்டையைக் காட்டிக் கேட்டேன், புதிதாக யாரையும் சேர்க்க உத்தரவு இல்லை என்றார்கள்.

பணத்தை நோட்டீஸ் வந்த வாரமே காக்கூ கட்டிவிட்டார். பேங்கில் போட்டு வைத்திருந்ததை உடைத்துக் கட்டினார். எங்களிடம் கேட்கவில்லை. நாங்களாகவே கூடிப் பேசி, பிள்ளைக்கு ஆயிரத்து எழுநூற்றைம்பது, முடிந்தபோது முடிந்ததைத் தருவது என்று வைத்துக்கொண்டோம். வசூல் என் பொறுப்பு. என்னை ஏன் போட்டார்கள் என்றால், நான் தூங்க மாட்டேன் என்று தெரியும். எட்டுப் பிள்ளைகளின் வீட்டில் முழுசாகக் கொடுத்துவிட்டார்கள். ஆட்டோக்கார அண்ணன் இரண்டு பிள்ளைக்கும் சேர்த்து இரண்டாயிரம் கொடுத்திருக்கிறார், வண்டிக்கு எஞ்சின் வேலை வந்துவிட்டது. ஒரு குடும்பம் ஐந்நூறு கொடுத்துவிட்டு தேஹு ரோடுக்கு வீடு மாற்றிப் போய்விட்டது. மூன்று வீட்டில் ஒன்றும் வரவில்லை. கேட்டால், நாளைக்கு என்பார்கள்.

எனக்கு இப்போது பணத்தைவிட ஞாயிற்றுக்கிழமைதான் கவலை. கொடுக்காதவர்கள் சபைக்கு வருவதில்லை. காக்கூ முகத்தில் எப்படி விழிப்பது என்கிறார்கள். கொடுத்தவர்களும் அவர்களைப் பார்த்து ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். அண்ணனும் வருவதில்லை, அவர் இல்லாமல் அங்கே சிரிப்பே கிடையாது. தண்ணீர்க் குழாய் மாற்றுகிற விஷயம் இப்போது பேசுகிறார்கள், அது எங்கள் வரிசைக்கும் வரவேண்டிய குழாய். எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க நான் ஒருத்திதான். போன வாரம் டம்ளர் என்னிடம் வந்தது. எங்கள் வரிசைக்கு என்ன வேண்டும் என்று காக்கூ கேட்டார். சொன்னேன். மற்றவர்கள் எங்கே என்று அவர் கேட்கவில்லை. பணத்தைப் பற்றியும் ஒரு நாளும் கேட்டதில்லை. அவர் ஒரு தடவை கோபமாகக் கேட்டுவிட்டால் எல்லோரும் வந்துவிடுவார்கள் என்று தோன்றுகிறது. கேட்கமாட்டார்.

இன்றைய தேதிக்குக் காக்கூவுக்கு நாங்கள் இன்னும் தர வேண்டியது எட்டாயிரம் ரூபாய்.